கப்பல் பதிவேட்டில் ஓர் ஊர்ப்பெயர்



முன்னோர் வாழ்ந்த மண்ணைத் தேடிச் சென்று, அதனைப் படமெடுத்துக்கொண்டு திரும்பும் வழக்கம் அயர்லாந்து வழியினரிடையே ஏறத்தாழ ஒரு நேர்த்திக்கடன் போலவே நிலைபெற்றுள்ளது. 1845 தொடங்கி அந்நாட்டை வாட்டிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதே அளவினர் கடல் கடந்தனர். அவர்தம் வழித்தோன்றல்கள் இன்று அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வந்து, இடிந்த கோட்டை முன்னும் புல் மூடிய கல்லறை முன்னும் நின்று படமெடுத்துக்கொள்கின்றனர். அவர்களுக்குப் பெயரே பாதி வழிகாட்டி. 'ஓ' என்னும் முன்னொட்டு பேரன் வழியையும், 'மாக்' என்பது மகன் வழியையும் சுட்டும். குடிப்பெயர் தெரிந்தால் அக்குடி ஆண்ட நாடு தெரியும். 1922 ஜூன் 30 அன்று டப்ளின் நகரின் ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்து, 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்குகளுள் பெரும்பகுதி சாம்பலான பின்னரும் அவர்கள் தேடலை விட்டாரில்லை. (திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் தந்த கால்டுவெல், 1814இல் அயர்லாந்தில் பிறந்து இடையன்குடியில் அடக்கமானவர் என்பது இவ்விடத்தில் நினைவுகூரத் தக்கது. தமிழர்க்கும் அத்தீவுக்கும் உள்ள தொடர்பு முற்றிலும் புதியதன்று.)

தமிழர்க்கு இத்தகைய தேடல் உண்டா? உண்டு, ஆனால் அது கோட்டையிலிருந்து தொடங்குவதில்லை, கப்பலிலிருந்து தொடங்குகிறது. 'ட்ரூரோ' என்னும் கப்பல் 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்டு, நவம்பர் 16 அன்று நேட்டால் நாட்டின் டர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் சென்ற முதற் கூட்டத்தார் அதில் இருந்தனர். 1911 வரை அவ்வாறு நேட்டாலுக்குச் சென்ற இந்தியர் 1,52,184 பேர். அவருள் பெரும்பாலோர் சென்னைத் துறை வழியே ஏறியவர்கள். ஒவ்வொருவர்க்கும் கப்பல் பதிவேட்டில் ஒரு வரி. எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடலில் உள்ள தழும்பு அல்லது மச்சம், அவ்வளவே. அவ்வரிகளில் 'செங்கல்பட்டு' என்னும் ஜில்லாப் பெயர் மீண்டும் மீண்டும் வருகிறது. இன்று டர்பனிலும் பீட்டர்மாரிட்சுபர்க்கிலும் வாழும் நான்காம், ஐந்தாம் தலைமுறையினர் அந்த ஒரு வரியின் படியைக் கையிலேந்தித் தமிழகம் வருகின்றனர்.

வந்தவர்க்கு முதல் இடர், பெயர். நேட்டாலில் நாயுடு, பிள்ளை, முதலி, கவுண்டர் என்னும் பட்டங்களே குடும்பப் பெயர்களாய் உறைந்து, ஆங்கில எழுத்தில் திரிந்து, மூட்லி என்றும் கோவெண்டர் என்றும் ஒலிக்கலாயின. 'ஓ' என்னும் முன்னொட்டைப் போல ஓர் ஊரைச் சுட்டும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. இரண்டாம் இடர், ஊர்ப்பெயர். எழுத்தர் காதில் விழுந்தவாறு எழுதப்பட்ட சொல்லிலிருந்து ஊரை மீட்டெடுத்தல் வேண்டும். மீட்டெடுத்த பின்னும் ஐயம் தீராது. 'ஒரகடம்' என்று பதிவாகியிருப்பதாகக் கொள்வோம். அம்பத்தூரை அடுத்து ஓர் ஒரகடம். திருக்கழுக்குன்றத்தை அடுத்து ஓர் ஒரகடம். திருப்பெரும்புதூரை அடுத்து ஓர் ஒரகடம். மூன்றும் பழைய செங்கல்பட்டு ஜில்லாவினவே! அந்த ஜில்லாவோ 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாயிற்று. 2019இல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது. பதிவேட்டின் செங்கல்பட்டும் இன்றைய செங்கல்பட்டும் ஒன்றல்ல. தாலுகாப் பெயர் மட்டும் தெளிவாக இருந்துவிட்டால் அது பெரும்பேறு.

தாலுகா திருப்பெரும்புதூர் என்றே தெளிந்துவிட்டதாகக் கொள்வோம். புகைப்படக் கருவியுடன் வருபவர் கண்முன் விரிவது என்ன? இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்கள் உருவாகும் ஹூண்டாய் ஆலை, ஒரகடத்தில் 2010இல் தொடங்கிய ரெனோ-நிசான் ஆலை, 2012இல் தொடங்கிய டைம்லர் பாரவண்டி ஆலை, ஆறு வழிச் சாலை, சுற்றுச்சுவர், காவற்கூண்டு. 2006இல் உற்பத்தி தொடங்கி 2014 நவம்பரில் மூடப்பட்ட நோக்கியா ஆலையின் கதை, ஓர் ஊர் தோன்றி மறைவது போன்றே விரைவானது. சிப்காட் நிறுவனம் கையகப்படுத்திய பரப்பில் எந்தச் சுவருக்குள் எவர் பாட்டனின் வரப்பு இருந்தது என்பதை வழிப்போக்கர் எவரும் சொல்லவியலாது. அதனைக் கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள பழைய புல வரைபடமே சொல்லும். எஞ்சி நிற்பவை ஏரிகள். பிள்ளைப்பாக்கத்து ஏரி, திருப்பெரும்புதூர் ஏரி, செம்பரம்பாக்கத்துப் பேரேரி ஆகியவற்றின் கரைமேல் நின்று பார்ப்பவர், தம் முன்னோர் கண்ட நீர்ப்பரப்பைத் தாமும் காண்கிறார் எனலாம்.

பெரும்பாலோர் ஏரிக்குச் செல்வதில்லை, கோயிலுக்கே செல்கின்றனர். கோபுரம் படத்தில் அழகாக அமையும். ஆனால் பதிவேட்டின் 'சாதி' என்னும் கட்டத்தை அவர்கள் படித்தல் வேண்டும். அக்கட்டத்தில் 'பறையர்' என்றோ அதனையொத்த பெயரோ இருக்குமாயின், அவர் படமெடுக்கும் அந்த வாயிலைக் கடக்க அவருடைய பாட்டனுக்கு உரிமை இருந்ததில்லை. சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது 1947இல். கப்பல் சென்றதோ அதற்குப் பல்லாண்டுகளுக்கு முன். அவர் பாட்டன் வாழ்ந்த இடம் சேரி. செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்கீர், அம்மக்களின் நிலையை விரித்து 1891இல் அரசுக்கு அறிக்கை எழுதினார். அதன் பயனாக 1892இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றும் வழக்காடப்படுவது அதுவே. ஆகவே முன்னோர் மண் எனப் படமெடுக்க வேண்டியது கோபுரத்தையா, சேரித் தெருவையா என்னும் வினா எழுகிறது. பல குடும்பங்கள் இரண்டாவதற்குத் துணிவதில்லை. ஊராரும் வழிகாட்டத் தயங்குகின்றனர். அத்தயக்கத்தைக் கடிந்துரைத்தல் எளிது. ஆனால் பெயரை மாற்றிச் சொல்லிக் கப்பலேறியவர் எத்தனை பேரோ! சாதியை விட்டு நீங்கவே கடலைக் கடந்தவரின் பேரனிடம், அதனைத் தேடிப் படமெடு என்று வற்புறுத்துவதும் முறையாகத் தோன்றவில்லை.

புகைப்படத்துக்கும் இம்மக்களுக்கும் உள்ள உறவே ஒரு தனி வரலாறு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சத்தில், ஹூப்பர் என்னும் படைத்துறை அதிகாரி, எலும்பும் தோலுமாய் நின்றோரை வரிசைப்படுத்தி அமர்த்திப் படமெடுத்தார். அவர்க்கு உணவளித்தாரா என்று அக்காலத்து இதழ்களே எள்ளின. மொரீசியசில் ஒப்பந்தக் கூலிகளை அடையாளச் சீட்டுக்காகப் படமெடுத்தனர். அப்படங்கள் மோகா நகரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. முகம் அங்கே இருக்கிறது; ஊர் இங்கே இருக்கிறது. அன்று அவர்களைப் பிறர் படமெடுத்தனர். இன்று அவர்தம் வழியினர் தாமே கருவியைக் கையில் ஏந்துகின்றனர். பாரதியார் பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பாடினார். அத்தோட்டங்களிலிருந்து திரும்பி வந்து ஊரைத் தேடும் பேரப்பிள்ளைகளைத் தமிழ்க் கவிதை இன்னும் போதிய அளவு கண்டுகொள்ளவில்லை.

படிமத்தின் பொருளை இவ்வூர் அறியாததன்று. 1017இல் இராமாநுசர் பிறந்த ஊர் இது. அவர் திருவரங்கத்திலேயே தங்கிவிட, பிறந்த ஊரார் பொருட்டு அவர் வாழ்ந்த காலத்திலேயே ஒரு திருமேனி சமைக்கப்பட்டது என்பதும், அதனை அவரே மகிழ்ந்து தழுவி அனுப்பினார் என்பதும் வைணவ மரபு. 'தான் உகந்த திருமேனி' என்பது அதன் பெயர். சென்றவர் வாராத குறையை அவர் உருவம் தீர்த்தது. நேட்டாலுக்குச் சென்றவர் பொருட்டு இத்தாலுகாவின் எச்சேரியிலும் எவ்வுருவமும் இல்லை.

ஆலைகளைச் சூழ்ந்த விடுதிகளிலோ இன்று வேறொரு கூட்டம் வாழ்கிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தோர் வாரச்சந்தையில் நின்று கைப்பேசியில் படமெடுத்துத் தம் ஊருக்கு அனுப்புகின்றனர். வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கத்தக்க குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நேட்டால் தோட்டத்து ஒப்பந்தமும் இன்றைய ஆலை வேலையும் ஒன்றெனக் கூறுதல் பொருந்தாது. ஊரின் பெயரை உடன் கொண்டுவந்திருத்தல் மட்டும் ஒன்று.

இவ்வட்டாரத்தில் இப்போதே படமெடுக்க வேண்டிய ஊர் ஒன்று உண்டெனில் அது ஏகனாபுரம். பரந்தூர் வானூர்தி நிலையத் திட்டம் 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட நாள்முதல், அவ்வூரார் கிராம சபையில் எதிர்த்துத் தீர்மானம் இயற்றி வருகின்றனர். அத்தீர்மான ஏடுகளில் ஊர்ப்பெயர் தெளிவாக, தமிழ் எழுத்தில், உரியவர் கையொப்பத்தோடு இருக்கிறது.