சிவப்பு வண்டியா, வெள்ளை வண்டியா?

பீடி சுற்றிய காசில் பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய்மார்களே, அவசர சிகிச்சைத் தொழில்நுட்பத்தில் பட்டம் பெறும் செல்வங்களே!

"108 ஆம்புலன்ஸ் சேவையில் சேரலாமா, தீயணைப்புத் துறைத் தேர்வு எழுதலாமா?" இந்த ஆலங்குளத்தில் உங்களில் பலருக்கும் இதுதான் கேள்வி. வாழ்த்தோடு நிறுத்தாமல் அதற்கே பதில் சொல்கிறேன்.

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் 17 வயது மாணவன் ஒருவனை அடித்துச் சென்று உயிரைப் பறித்தது. அப்படிப்பட்ட இடத்தில் கயிறு கட்டி இறங்குபவர் தீயணைப்பு வீரர். கரைக்கு வந்தவரின் மூச்சுப்பாதையைச் சரிசெய்து, ஆக்சிஜன் கொடுத்து, ஆஸ்பத்திரி வரை உயிரைக் காப்பவர் 108 ஊழியர். நம் மாநிலத்தில் இவை தனித்தனிச் சேவைகள்.

ஆனால் சிங்கப்பூரில் 995-ஐ அழைத்தால், தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ் இரண்டையும் ஒரே குடிமைத் தற்காப்புப் படைதான் அனுப்புகிறது. நியூயார்க்கில் 1996-இல் நகர ஆம்புலன்ஸ் சேவையைத் தீயணைப்புத் துறையோடு இணைத்தார்கள். இணைத்த பிறகும் ஆம்புலன்ஸ் ஊழியருக்குச் சம்பளம் குறைவு என்ற மனக்குறை அங்கே தீரவில்லை. ஒரே கூரைக்குள் வந்தால் மட்டும் ஒரே மரியாதை கிடைத்துவிடாது.

இங்கே நிலைமை என்ன? 2008 செப்டம்பரில் தொடங்கிய 108, அரசுப் பணத்தில் தனியார் அமைப்பு நடத்தும் சேவை. ஊழியர்கள் அரசு ஊழியர்கள் அல்லர்; 12 மணி நேர ஷிப்ட். தீயணைப்பு வீரரைச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் எடுக்கிறது. அரசுச் சம்பளம், பதவி உயர்வு எல்லாம் உண்டு. ஆனால் அந்த வேலைக்குப் பத்தாம் வகுப்பே போதும். உங்கள் பட்டத்தை அங்கே யாரும் கேட்பதில்லை. நிரந்தரம் ஒரு பக்கம், நீங்கள் படித்த வைத்தியம் மறுபக்கம். இதை மறைத்து உங்களுக்கு வாழ்த்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

அரசு வேலை வேண்டும் என்று பெற்றோர் ஆசைப்படுவதில் தவறில்லை. கிணறும் வெள்ளமும் தீயும் உங்களை ஈர்த்தால் தாராளமாகத் தீயணைப்புத் துறைக்குப் போங்கள். துணிவுக்கு அதைவிட நல்ல இடமில்லை. நோயாளியின் பக்கத்தில் இருப்பதுதான் விருப்பம் என்றால் 108-க்குப் போங்கள், ஆனால் வண்டியோடு நின்றுவிடாதீர்கள். 2021-இல் வந்த துணைநிலை மருத்துவப் பணியாளர் சட்டம் உங்கள் தொழிலுக்கு அங்கீகாரம் தந்திருக்கிறது. அதே ஆண்டு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம், விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. அதனால் மருத்துவமனைகளின் விபத்துப் பிரிவுகளுக்குத் தேர்ந்த கைகள் தேவை. சில வருடம் சாலையில் கற்றதை அங்கே கொண்டுபோங்கள், மேலே படியுங்கள், அடுத்த அணிக்குக் கற்பியுங்கள்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள்: இந்தப் பட்டத்துக்கு நிரந்தரப் பணியிடங்களும் பதவி உயர்வும் வேண்டும்.

எங்கே சேர்ந்தாலும் அடுத்தவர் வேலையின் அடிப்படையைக் கற்றுக்கொள்ளுங்கள். விஷவாயு தேங்கிய கிணற்றில் பதறிப்போய் இறங்கக் கூடாது என்பது ஆம்புலன்ஸில் வருபவருக்குத் தெரிய வேண்டும். விழுந்தவரின் கழுத்தை அசைக்காமல் தூக்கத் தீயணைப்பு வீரருக்குத் தெரிய வேண்டும். சம்பளமும் சீருடையும் வேறாக இருக்கலாம், நோயாளி ஒருவர்தான். அவரை முன்னிறுத்தி முடிவெடுங்கள். வாழ்த்துகள்!