மூட்டு நோயும் அதன் வைத்தியமும்



வைத்தியம் படியாத ஒருவன் வைத்தியம் பேச வந்தது ஏனென்று நீங்கள் வினவலாம். நான் கலைப் பட்டதாரி. முப்பதாண்டு காலமாகக் கரும்பலகையோடு வாழ்பவன். ஆயினும், வெள்ளவத்தை மாடிவீட்டுப் படிகளிலே கைபிடியைப் பற்றிப் பற்றி ஏறும் முதியோரையும், கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேசர் ஆலயத்தின் கருங்கற்படியில் ஒரு கணம் தரித்து நின்று காலெடுத்து வைக்கும் தாய்மாரையும் அடிக்கடி காண்பவன். என்னவென்று கேட்டால் எல்லோரும் சொல்லும் விடை ஒன்றே: "வாதம்." இந்த ஒரு சொல்லினுள்ளே ஒன்றுக்கொன்று உறவில்லாத பல நோய்கள் ஒளிந்திருக்கின்றன என்பதை நான் அறிந்துகொண்டது, எமது பாடசாலை ஆசிரியை ஒருவர் பட்ட துன்பத்தினாலேயாம். அவருடைய இசைவைப் பெற்றே இதனைக் கூறுகிறேன்.

முதலில், முதுமையோடு வரும் மூட்டுத்தேய்வு. எலும்பின் நுனியைப் போர்த்திருக்கும் குருத்தெலும்பிலே இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டினுள் ஊறும் நீரே அதற்கு உணவு. கால் அசையும்போது அந்நீர் பஞ்சினுட் புகுவதுபோலப் புகுந்து மீளும். ஆகவே, நோகிறதென்று காலை முற்றாக அசையாது வைத்திருப்பது குருத்தெலும்பைப் பட்டினி போடுவதாகும். பழைய காயம், பரம்பரை, உடற்பருமன் ஆகியன இந்நோயை விரைவுபடுத்தும். உடல் நிறையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின்மீது விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று கணக்கிட்டிருக்கின்றனர். நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேரே நீட்டிச் சில விநாடி நிறுத்தி இறக்குவது தொடைத் தசைக்கு நல்ல பயிற்சி. அதற்குப் பணம் வேண்டியதில்லை.

அவ்வாசிரியைக்கு வந்தது இதுவன்று. வயதோ நாற்பதுக்குள். காலையில் எழுந்தால் ஒன்றரை மணி நேரம் விரல்கள் மடங்கா. முதலாம் பாடவேளையில் வெண்கட்டி கையிலிருந்து நழுவும். இரு கைகளிலும் விரலடி மூட்டுகள் ஒரே விதமாக வீங்கின. தேய்வினால் வரும் வலி நடக்க நடக்கக் கூடி, ஓய்வில் தணியும். இதுவோ ஓய்விலே இறுகி, அசைய அசையத் தளரும். உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தி திசைமாறி, மூட்டின் உட்சவ்வையே தாக்குவதால் விளைவது இந்நோய். முடக்குவாதம் என்பர். ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் பற்றுவது. இவையெல்லாம் அன்று எனக்குத் தெரியா. "தைலம் பூசுங்கள் டீச்சர், சரியாகிவிடும்" என்றேன். அந்த உபதேசத்தை இன்று நினைத்தாலும் நாணமாக இருக்கிறது. மூட்டுச் சேதமடையுமுன் வைத்தியம் தொடங்கவேண்டிய முதல் மாதங்கள் அவ்வாறே கழிந்தன.

பின்னர் யாரோ சொன்னதைக் கேட்டு, ஓரிடத்திலே கறுப்புக் குளிகை வாங்கினார். மூன்றாம் நாள், "சேர், கை மடங்குது!" என்று விரல்களை மடக்கிக் காட்டினார். ஆசிரியர் அறையிலிருந்த அனைவரும் மகிழ்ந்தோம். சில மாதங்களிலே முகம் உப்பியது. இரத்தத்திற் சர்க்கரை ஏறியது. குளிகையின் கதையைக் கேட்ட வைத்தியர், அதிலே ஸ்டீராய்டு கலந்திருக்கவேண்டும் என்றார்.

இந்த மூன்றாம் நாள் அற்புதத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1948 செப்டெம்பரில், அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலே, முடக்குவாதத்தால் பெரிதும் முடங்கியிருந்த 29 வயதுப் பெண்ணொருவருக்குப் பிலிப் ஹெஞ்ச் என்னும் வைத்தியர் கோர்ட்டிசோன் ஊசி ஏற்றினார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹெஞ்சுக்கும் கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகியோருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நீண்ட காலம் மிகுதியாக உட்கொண்டால் எலும்பு மெலியும், முகம் வீங்கும் என்பன பின்னரே தெளிவாயின. அம்மருந்து தன்னளவிலே தீயதன்று. வைத்தியர் அளவும் காலவரையும் குறித்துத் தருவார். நோயாளி அறியாமற் கலந்து கொடுப்பதே கொடுமை. அதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. உடல் தானே சுரக்கும் சுரப்பை அதற்குள் மறந்திருக்கும்.

வேறு இரண்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நள்ளிரவிலே காற்பெருவிரல் நெருப்பாய்ச் சிவந்து நோவது, பெரும்பாலும் யூரிக் அமிலம் படிகமாகப் படிவதாலாம். அதற்குக் கொடுக்கும் கொல்சிசின் என்னும் மருந்து நமது காந்தட் செடியிலும் உண்டு. ஆயினும் அச்செடி கடும் நஞ்சு. வீட்டு வைத்தியத்துக்கு ஒருபோதும் உரியதன்று. மற்றையது சிக்கன்குனியா. 2006ஆம் ஆண்டின் இறுதியிலே யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கொழும்பு என்று பரவி, 2025இலும் திரும்பி வந்தது. நுளம்பு தரும் இக்காய்ச்சல் தணிந்த பின்னும் மூட்டுவலி மாதக்கணக்கில் நிற்கும். 1950களில் தங்கனீக்காவின் மக்கொண்டே மொழியிலிருந்து பெற்ற அப்பெயருக்கே வளைந்து கூனுவது என்பது பொருள். காய்ச்சல் வேளையில் டெங்கு அன்றென்று உறுதியாகும்வரை அஸ்பிரின் முதலிய வலி மாத்திரைகளைத் தொடலாகாது, பரசிற்றமோல் போதும்.

ஆசிரியை ஈற்றில் கொழும்பு தேசிய வைத்தியசாலையின் மூட்டுவாத நோய்ப் பிரிவுக்குச் சென்றார். அங்கு கட்டணம் இல்லை. காத்திருக்கும் பொறுமைதான் வேண்டும். மெதோட்ரெக்சேற் என்னும் மாத்திரையைக் கொடுத்தனர். அது கிழமைக்கு ஒரு தினம் மாத்திரமே உட்கொள்வது. தவறி நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே கேடு. குருதிப் பரிசோதனையும் இடையிடையே வேண்டும். கருவுற்றோருக்கு அம்மருந்து ஆகாது. பலன் மூன்றாம் நாளில் வரவில்லை. இரண்டு மாதம் சென்றபின்னரே வந்தது. ஆயுர்வேத எண்ணெய் பூசலாமா என்று வைத்தியரிடமே கேட்டார். தோலுக்கு ஒவ்வுமாயின் பூசலாம், உள்ளே உண்பது எதுவாயினும் முன்னரே சொல்லவேண்டும் என்றாராம்.

இப்பொழுது ஞாயிறு இரவுதோறும் மாத்திரையை விழுங்கி, நாட்காட்டியிலே சிவப்புக் கோடு இடுகிறார். வளைந்துபோன இரண்டு விரல்களும் நிமிரவில்லை. வெண்கட்டியைச் சுற்றித் துணி கட்டித் தடிப்பாக்கிக்கொண்டு எழுதுகிறார். அவருடைய வகுப்பை மேல்மாடியிலிருந்து கீழே மாற்றிக் கொடுத்தேன்.