கண்ணுக்குத் தெரியாத படிகள்
(ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



ஒரு கட்டிடத்துக்குச் சாய்தளம் வேண்டும் என்று நாங்கள் கேட்டால், உங்களில் ஒருவரும் ஏன் என்று கேட்பதில்லை. படியேற முடியாமல் நிற்பவரை நீங்களே காண்கிறீர்கள். இன்று நாங்கள் பேச வந்தது காணாத படிகளைப் பற்றி. வங்கிக் கணக்கு, ரயில் டிக்கெட், ஓய்வூதியம், டாக்டரைப் பார்க்க முன்பதிவு யாவும் இணையதளத்துக்குள் போய்விட்டன. அந்த வாசலில் தடுக்கப்படுகிறவர் தம் வீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆகவே அவர் தடுக்கப்பட்டது பக்கத்து வீட்டாருக்கும் தெரிவதில்லை.

2023-ஆம் ஆண்டு நம் நாட்டில் நடந்ததைச் சொல்லுகிறோம். அமில வீச்சினால் முகமும் கண்களும் பாதிக்கப்பட்ட பிரக்யா பிரசூன் என்ற சகோதரி வங்கிக் கணக்கு தொடங்கப் போனார். உயிருள்ள ஆள்தான் என்று நிரூபிக்க, கேமரா முன் கண் சிமிட்ட வேண்டும் என்றார்கள். அவரால் சிமிட்ட இயலாது. ஆளே நேரில் வந்து நிற்கிறார். ஆனால் இயந்திரத்துக்கு அவர் உயிரோடில்லை! அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். முழுவதும் பார்வையற்ற ஒருவரின் மனுவும் அதோடு விசாரிக்கப்பட்டது. 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் தீர்ப்பளித்தார்கள். இணைய சேவைகளை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதியே என்றார்கள். கண் சிமிட்டுவதற்கு மாற்று வழி வேண்டும் என்பது உட்பட 20 கட்டளைகள் கொடுத்தார்கள்.

பார்வையற்றவர் எப்படிக் கம்ப்யூட்டரில் வாசிக்கிறார் என்று சிலர் கேட்கிறீர்கள். திரையில் உள்ள எழுத்தை உரக்க வாசிக்கும் மென்பொருள் உண்டு. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இரண்டு வாலிபர்கள் 2006-இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்பதை இலவசமாகவே பெறலாம், தமிழும் வாசிக்கும். ஆனால் அது எழுத்தைத்தான் வாசிக்கும். பொத்தானுக்குப் பெயர் கொடுக்காமல் படத்தை மட்டும் வைத்தால், "பொத்தான், பொத்தான்" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். பணம் கட்டுவது எது, ரத்து செய்வது எது?

செலவு அதிகமாகுமே என்பது வழக்கமான பதில். 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் அமைப்பாளர்களும் அதையே சொன்னார்கள். புரூஸ் மகுவயர் என்ற பார்வையற்றவர் அவர்கள் தளத்தைத் தம்மால் வாசிக்க முடியவில்லை என்று முறையிட்டிருந்தார். முடிவுகள் அட்டவணையைத் திருத்த ஒரே ஆள் 368 நாள் உழைக்க வேண்டும் என்றார்கள். சிறு குழுவுக்கு நான்கு வாரம் போதும் என்றார்கள் மகுவயர் தரப்பு நிபுணர்கள். அந்நாட்டு மனித உரிமை ஆணையம் மகுவயர் பக்கமே தீர்ப்புச் சொல்லி, கடைசியில் 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடும் விதித்தது. கட்டி முடித்த வீட்டை இடித்து வாசலை அகலமாக்குவது செலவுதான். அஸ்திபாரம் போடும்போதே சொன்னால் அவ்வளவு ஆகாது.

தமிழில் இன்னொரு சங்கடம் உண்டு. பழைய எழுத்துருக்களில் அச்சுக்கோத்த பி.டி.எஃப். கோப்புகள் நம் கண்ணுக்கு நல்ல தமிழ். வாசிக்கும் மென்பொருளுக்கோ பொருளற்ற ஆங்கில எழுத்துக்கள். யூனிகோடில் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. சபை மலர்களை அச்சிடுகிறவர்கள் தயவாய்க் கவனியுங்கள்.

உங்கள் சபைக்கோ சங்கத்துக்கோ யாராவது இணையதளம் செய்துகொடுத்தால், பணம் கொடுக்குமுன் அவர் எதிரிலேயே மவுஸைக் கழற்றிவிட்டு, டேப் விசையால் மட்டும் காணிக்கைப் பக்கம் வரை போய்ப் பாருங்கள். கை நடுங்குகிற முதியோர் பலர் அப்படித்தான் போகிறார்கள். பேச்சுகளின் வீடியோவுக்குக் கீழே வரிகள் போடுங்கள். காது கேளாதவர்களுக்கு அது பெரிய சகாயம். வாட்ஸ்அப்பில் கூட்ட அறிவிப்பை அழகான படமாக அனுப்புகிறீர்கள் அல்லவா? அதன் கீழே நாள், நேரம், இடம் மூன்றையும் எழுத்திலும் தட்டச்சு செய்யுங்கள். இன்று மாலை அனுப்பப்போகும் அறிவிப்பிலேயே தொடங்கலாம்.