இறப்பர்ப் பாலும் கூப்பன் அரிசியும்

நாடுகளுக்கிடையே நட்பும் பகையும் கொள்கையினால் மாத்திரம் விளைவன அல்ல. ஒரு நாட்டிடம் உள்ள பொருள் எது, இல்லாத பொருள் எது என்பதே, அது எவரோடு உறவு கொள்ளும் என்பதைப் பல வேளைகளில் முடிவு செய்கின்றது. இதற்கு இலங்கை வரலாற்றிலே தக்கதொரு சான்று, 1952ஆம் ஆண்டிற் சீனாவோடு செய்யப்பட்ட இறப்பர் - அரிசி உடன்படிக்கையாகும்.

இறப்பர் இத்தீவுக்கு உரிய மரம் அன்று. பிரேசில் நாட்டு விதைகளிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த நாற்றுக்கள் 1876இல் இங்கு கொண்டுவரப்பட்டு, கம்பகாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடையில் நடப்பட்டன. பின்னர் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளில் இறப்பர்த் தோட்டங்கள் பரவின. 1942இல் யப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியபோது, நேச நாடுகளுக்கு இயற்கை இறப்பர் வழங்கும் தலையாய இடமாக இலங்கை விளங்கிற்று. இறப்பரின்றி வாகனச் சில்லு இல்லை. சில்லின்றி யுத்தம் இல்லை. ஆகவே வல்லரசுகளும் இச்சிறு தீவின் மரப்பாலை எதிர்பார்த்து நின்றன.

1950இற் கொரிய யுத்தம் மூண்டதும் இறப்பர் விலை பெரிதும் ஏறிற்று. மறு ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை, போருக்குப் பயன்படும் பண்டங்களைச் சீனாவுக்கு அனுப்பலாகாதெனப் பரிந்துரைத்தது. பிரித்தானிய ஆட்சியிலிருந்த மலாயாவின் இறப்பர் சீனாவுக்குச் செல்வது நின்றது. இலங்கை 1955 வரை அச்சபையில் உறுப்புரிமை பெறவில்லை.

1952இலோ இறப்பர் விலை சரிந்தது. அரிசி விலை உயர்ந்தது. உண்ணும் அரிசியிற் பெரும்பங்கைப் பிற நாடுகளில் வாங்கி, கூப்பனுக்குக் குறைந்த விலையில் வழங்கிய அரசாங்கம், மத்தளம்போல் இருபுறமும் இடிபட்டது. அமெரிக்காவிடம் அரிசிக்கும் இறப்பரின் நியாய விலைக்கும் செய்த முயற்சி பயனளிக்கவில்லை.

அன்றைய பிரதமர் டட்லி சேனநாயக்காவின் அரசாங்கம் பொதுவுடைமைக் கொள்கைக்கு முற்றிலும் மாறானது. சீனாவோடு தூதுவர் பரிமாற்றமும் இருக்கவில்லை. எனினும் வர்த்தக மந்திரி ஆர். ஜி. சேனநாயக்கா முன்னின்று பேசினார். 1952 டிசெம்பர் 18ஆம் தேதி பீக்கிங் நகரில் ஐந்தாண்டு உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. ஆண்டுதோறும் இலங்கை 50,000 தொன் இறப்பரையும், சீனா 270,000 தொன் அரிசியையும் வழங்குவதென ஏற்பாடு. இறப்பருக்கு உலகச் சந்தையிலும் கூடிய விலை கிடைத்தது.

இதற்கு ஒரு விலையும் கொடுக்கவேண்டியிருந்தது. சீனாவுக்குப் போர்ப்பண்டம் விற்கும் நாடுகளுக்கு உதவி மறுக்கும் சட்டத்தை அமெரிக்கா 1951இல் இயற்றியிருந்தது. அதனால் அந்நாட்டின் பொருளாதார உதவி இலங்கைக்கு 1956இலேதான் கிட்டிற்று. உள்நாட்டிலும் இன்னல் முற்றாகத் தீரவில்லை. திறைசேரியின் நெருக்கடியால் 1953இற் கூப்பன் அரிசி கொத்தொன்று 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஓகஸ்ட் 12ஆம் தேதி பெரும் ஹர்த்தால் நிகழ்ந்தது. சில வாரங்களிற் பிரதமர் பதவி துறந்தார்.

ஆயினும் உடன்படிக்கை நிலைத்தது. முதலிற் கப்பல்கள் சென்றன. தூதுவர் உறவு 1957இலேதான் ஏற்பட்டது. அரசாங்கங்கள் மாறியபோதும் உடன்படிக்கை புதுப்பிக்கப்பட்டு 1982 வரை நீடித்தது. கொள்கை வேற்றுமையைப் பசியும் தேவையும் பாலமாகக் கடந்தன.

இவ்வழி இன்னும் அடைபட்டுப் போகவில்லை. ஈரானிடம் பெற்ற எண்ணெய்க்குரிய ஏறத்தாழ 25 கோடி டொலர் கடனைத் தேயிலையைக் கொண்டு தீர்ப்பதற்கு 2021 டிசெம்பரில் இலங்கை இணக்கம் கண்டது. அன்று இறப்பர், இன்று தேயிலை.

எனினும் மண் தரும் செல்வம் என்றும் ஒரே மதிப்புடையதன்று. பிறர்க்கு அது தேவைப்படும் வரையிலேயே சிறிய நாட்டின் சொல்லுக்குச் செவிசாய்ப்போர் உண்டு. செயற்கை இறப்பர் பெருகியபோது மரப்பாலின் பேரம் தளர்ந்தது. மேலும், கையிற் பண்டம் இருந்தும் கலத்திற் சோறில்லாத நாடு, பேரம் பேசுமிடத்து நெடுநேரம் காத்திருக்க இயலாது. தன் வயலை விளைவித்துக்கொண்டு தன் பண்டத்தை விற்கச் செல்லும் நாடே, எவர் முன்னிலையிலும் தலைநிமிர்ந்து அமர வல்லது.