மீட்டர் காட்டிய சைபர்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உன் அனுபவத்துல இருந்து ஏதாவது பேசுப்பா" என்றார் நமது செயலாளர். ஜெயித்த கதைகளை மற்ற நண்பர்கள் சொல்லிவிட்டார்கள். நான் தப்பித்த கதை ஒன்றைச் சொல்கிறேன்.

2006-ல் ஒரு தோல் ஆலையின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு நான் பொறுப்பு. தோலிலிருந்து முடியை நீக்க சோடியம் சல்பைடு போடுவார்கள். அந்தக் கழிவு நீர் அமிலக் கழிவோடு கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம். ஆனால் 100 பிபிஎம் அளவுக்குப் போனால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. அதனால்தான் கையில் கேஸ் டிடெக்டர்.

ஒருநாள் சம்ப்பில் பம்ப் அடைத்துக்கொண்டது. மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். ஆக்சிஜன் 20.9 சதவீதம், மற்றதெல்லாம் சைபர். பெர்மிட்டில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டேன். உள்ளே இறங்க வேண்டிய பெரியவர் நகரவில்லை.

"சார், மேல நிக்கிற எனக்கே நாத்தம் அடிக்குது. உங்க மிஷின் ஒண்ணுமில்லேங்குதே?"

"மூக்கை நம்பாதீங்கண்ணே, மீட்டரை நம்புங்க" என்றேன். படித்த திமிர்!

அவர் மனசு சமாதானம் ஆகட்டுமே என்று ஸ்டோரிலிருந்து சோதனை வாயு சிலிண்டரை எடுத்துவரச் சொன்னேன். அதில் 25 பிபிஎம் ஹைட்ரஜன் சல்பைடு. மீட்டர் 10-லேயே அலற வேண்டும். அலறவில்லை. அப்போதும் சைபர்! பக்கத்து ஆலையில் வேறொரு மீட்டர் வாங்கி வந்து இறக்கினோம். பாதிக் கயிறு போகுமுன் அலாரம் அடித்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. அன்று யாரையும் உள்ளே இறக்கவில்லை.

எங்கே தவறு? மீட்டரில் காலிபரேஷன் ஸ்டிக்கர் இருந்தது, தேதியும் தாண்டவில்லை. சென்சாரில்தான் உயிர் இல்லை. மாணவர்கள் இதைக் கவனியுங்கள். ஆக்சிஜன் சென்சார் செத்தால் அளவு குறைந்து காட்டும், அலாரம் அடிக்கும், நமக்குத் தெரிந்துவிடும். விஷவாயு சென்சார் செத்தால் மின்னோட்டம் வராது, சைபர் காட்டும். சுத்தமான காற்றுக்கும் அதே சைபர்தான். இரண்டையும் கண்ணால் பிரித்தறிய வழியே கிடையாது.

வழி ஒன்றுதான். தினமும் வேலைக்கு முன் சோதனை வாயுவை அரை நிமிஷம் காட்டிப் பாருங்கள். இதற்கு பம்ப் டெஸ்ட் என்று பெயர். அலாரம் அடிக்காவிட்டாலோ, அளவு ரொம்ப விலகினாலோ முழு காலிபரேஷன் செய்யுங்கள். முதலில் சுத்தமான வெளிக்காற்றில் சைபர் வையுங்கள். ஜெனரேட்டர் புகை பக்கத்தில் வைத்தால் அந்தப் புகையையே சைபர் என்று மீட்டர் எடுத்துக்கொள்ளும். பிறகு குறைத்துத்தான் காட்டும். அடுத்து சிலிண்டர் வாயுவைக் கொடுத்து, அதில் எழுதியுள்ள அளவுக்கு மீட்டரைச் சரிசெய்யுங்கள். சிலிண்டருக்கும் காலாவதித் தேதி உண்டு, மறக்காதீர்கள். அதற்கும் மசியாத சென்சாரை மாற்றிவிடுங்கள்.

மீட்டர் சரியாக இருந்தாலும் புளோயர் ஓட வேண்டும், இறங்குகிறவர் உடம்பில் பெல்ட்டும் கயிறும் இருக்க வேண்டும், வெளியே ஓர் ஆள் நிற்க வேண்டும்.

அந்தப் பெரியவர் பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் சந்தேகம் கேட்கத் தெரிந்தவர். நாளைக்கு நீங்களும் இன்ஜினியராகிப் பெர்மிட்டில் கையெழுத்துப் போடுவீர்கள். போடும் முன், இறங்கப்போகிறவர் முகத்தை ஒரு தரம் பாருங்கள். அவர் ஏதாவது கேட்டால், பேனாவை மூடிவிட்டுக் காது கொடுங்கள்.