தெளிந்த நீரில் மறைந்திருப்பவை

திருவனந்தபுரத்து வேளிக் கடற்கரையை அடுத்த டைட்டானியம் ஆலை 1946-இல் நிறுவப்பட்டது. இல்மனைட் மணலிலிருந்து, பிளாஸ்டிக்குக்கு வெண்மையூட்டும் துணைப்பொருளை அது ஆக்குகிறது. கந்தக அமிலமும் இரும்பும் கலந்த அதன் கழிவுநீர் நெடுங்காலம் கடலிற் சேர்ந்தது. இரும்பு செந்நிறம் காட்டியதால், கரையில் நின்றோர் கண்ணாலேயே அதனை அறிந்தனர்.

ஆனால், பிராணவாயு பட்டுப் பிளாஸ்டிக்கும் ரப்பரும் நைந்து போகாதபடி சேர்க்கப்படும் தடுப்புப் பொருள்கள் நீரிற் கலந்தால் நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. டயரில் சேரும் அத்தகைய பொருளொன்று ஓசோனால் மாறி, மழைநீரோடு ஓடைகளில் கலந்து, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சால்மன் மீன்களைக் கொன்றதென 2020-இல் அறிஞர் கண்டறிந்தனர்.

இவற்றை எங்ஙனம் கண்டறிவது? பிராணவாயுத் தேவையை அளக்கும் வழக்கமான சோதனை அழுக்கின் மொத்த அளவையே கூறும். பொருளின் பெயரைக் கூறாது. ஆதலின் நீரைக் கண்ணாடிக் குப்பியில் எடுப்பர். பிளாஸ்டிக் குப்பியிலிருந்தே இப்பொருள்கள் கசியக்கூடும். கரைப்பானால் அவற்றைத் திரட்டி, குரோமட்டோகிராபி முறையால் தனித்தனியே பிரித்து, மூலக்கூறின் நிறையைக் கொண்டு இனங்காண்பர். தூய நீரையும் அவ்வாறே சோதித்து ஒப்பிடுவர். சிதைந்து பிறந்த புதுப்பொருள்களையும் தேடுதல் வேண்டும். மீன்களைக் கொன்றது அத்தகையதே.

எதைத் தேடுவதென்று தெரிந்தால் சோதனை எளிதாகும். ஆகவே, தாம் சேர்க்கும் பொருள்களின் பட்டியலை ஆலைகள் முன்னரே சோதனைச்சாலைக்கு அளித்தல் வேண்டும். நீர் தெளிந்திருப்பதொன்றே நற்சான்றாகாது என்பதை நாம் உணர்வோமாக.