ஸ்டேஷன் வேகனும் அதன் ரசிகர்களும்

மோட்டார் வண்டிகளில் மோகம் கொண்டவர்களை நாம் எங்கும் காண்கிறோம். தெருவில் ஒரு வண்டி கடந்து சென்றால், யந்திரத்தின் ஒலியைக் கொண்டே அதன் பெயரைச் சொல்லிவிடுவார்கள். அத்தகையவரிடம் அவர் மனத்துக்கு உகந்த வண்டி எது என்று வினவினால், இருவர் மட்டும் அமரக்கூடிய, தரையோடு ஒட்டிப் பாயும் பந்தய வண்டி ஒன்றைச் சொல்வார் என்றுதான் எதிர்பார்ப்போம். ஆனால் அவர்களுள் ஒரு சாரார், அதிலும் விஷயம் அறிந்தவர்கள், ஸ்டேஷன் வேகனைச் சொல்கிறார்கள். பெட்டி படுக்கைகளை ஏற்றுவதற்கென்று பிறந்த வண்டியில் ரசிகர் மனம் லயிப்பது எதனால்?

ஸ்டேஷன் வேகன் என்பது தனியானதொரு ஜாதி அன்று. சாதாரணக் காரின் கூரையைப் பின்கோடி வரை நீட்டி, டிக்கி இருந்த இடத்தையும் உள்ளறையோடு சேர்த்து, பின்புறம் ஒரு கதவு வைத்தால் அதுவே ஸ்டேஷன் வேகன். அமெரிக்காவில் ரயிலிலிருந்து இறங்கும் பிரயாணிகளையும் அவர்தம் மூட்டை முடிச்சுகளையும் விடுதிகளில் கொண்டு சேர்த்த வண்டிகளே இதன் மூதாதையர். பெயரும் அதனால் வந்தது. அவற்றின் உடல் மரத்தாலானது, தச்சரின் கைவேலை. 1929-இல் போர்டு கம்பெனி இத்தகைய வண்டியைத் தன் தயாரிப்பாகவே விற்கத் தொடங்கியது. மழையிலும் வெயிலிலும் மரம் உப்பிச் சுருங்கும்; அடிக்கடி வார்னிஷ் பூச வேண்டும். 1949-இல் பிளிமத் கம்பெனி முழுதும் எஃகாலான உடலுடன் ஒன்றை வெளியிட்டது. அதன் பின் மரம் மெல்ல மறைந்தது. இங்கிலாந்திலோ, வேட்டைக்குப் போகும் கனவான்களின் துப்பாக்கிகளையும் நாய்களையும் சுமந்தமையால் ‘ஷூட்டிங் பிரேக்’ என்றும் ஒரு பெயர் வழங்கிற்று.

ஓட்டுவதில் இன்பம் காண்பவருக்கு இதில் என்ன இருக்கிறது? அடிச்சட்டமும் யந்திரமும் சக்கரங்களும் சாதாரணக் காருடையவையே. ஓட்டுபவர் தரைக்கு அருகில் அமர்கிறார். எடையின் மையமும் தாழ்ந்திருக்கிறது. இன்று பெருவழக்காகிவிட்ட எஸ்.யு.வி. என்னும் உயரமான வண்டியும் சாமான் சுமக்கும் என்பது மெய்தான். ஆனால் மலைப்பாதை வளைவில் அது பக்கவாட்டில் சாயும் சாய்வை இவ்வண்டியில் காண்பது அரிது. உயரம் குறைவாதலால் காற்றின் எதிர்ப்பும் குறைவு. எண்ணெய்ச் செலவும் அதற்கேற்பக் குறைகிறது. குறைகளும் இல்லாமலில்லை. சாமானுக்கும் மனிதருக்கும் இடையே தடுப்பு இல்லாமையால் பின்சக்கரங்களின் இரைச்சல் காதை வந்தடையும். செங்குத்தான பின்கண்ணாடியில் புழுதி வந்து படியும். அங்கும் ஒரு துடைப்பான் தேவை. பாரம் ஏற்றினால் பின்புறம் தாழும். மெர்சிடஸ் கம்பெனி 1977-இல் காட்சிக்கு வைத்த வேகனில் இதற்குப் பரிகாரமாகப் பின்புறத்தைத் தானே சமநிலைப்படுத்தும் அமைப்பு இருந்தது.

1994-இல் பிரிட்டிஷ் கார்ப் பந்தயத்துக்கு வோல்வோ கம்பெனி தன் 850 என்னும் ஸ்டேஷன் வேகனையே அனுப்பியது. பார்த்தவர்கள் நகைத்தார்கள். மிகச் சிறந்த நிலை ஐந்தாவது இடந்தான். எனினும் அவ்வாண்டின் வெற்றி வண்டியை மறந்தவர்களுக்கும் பந்தயத் திடலில் வளைந்து பாய்ந்த அந்தச் சாமான் வண்டி மறக்கவில்லை. மறு ஆண்டில் பந்தய விதிகள் மாறவே, வோல்வோ சாதாரணக் காருக்கு மாறிவிட்டது. அதே 1994-இல் ஆடி கம்பெனி (நம் ஆடி மாதம் அன்று, ஜெர்மன் தேசத்து மோட்டார் கம்பெனி) போர்ஷேயுடன் கூடி ஆர்.எஸ். 2 என்னும் வேகனை வெளியிட்டது. 2.2 லிட்டர் யந்திரம், 315 குதிரைச் சக்தி. ஆங்கில மோட்டார்ப் பத்திரிகை ஒன்றின் சோதனையில், நின்ற நிலையிலிருந்து 30 மைல் வேகத்தை எட்டுவதில் அந்நாளைய மக்லாரன் எஃப்1 என்னும் அதிவேக வண்டியையும் அது முந்திற்று. செய்யப்பட்டவை மூவாயிரத்துக்கும் குறைவே.

இக்கவர்ச்சியின் வேர் வேகத்தில் மட்டும் இல்லை. மணமாகிப் பிள்ளை குட்டி பெற்றவர், ஓட்டும் இன்பத்தைத் துறந்துதான் குடும்பத்தைச் சுமக்க வேண்டும் என்பது உலக வழக்கு. ஸ்டேஷன் வேகன் அந்தத் துறவைக் கேட்பதில்லை. நம்மைப்போல் வெளி மாநிலங்களில் உத்தியோகம் பார்ப்பவர்களுக்கு இது நன்கு விளங்கும். டில்லியிலிருந்து சென்னை ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். கோடை விடுமுறைக்குக் காரிலேயே போகத் துணியும் குடும்பத்தில் பிள்ளைகள், பாட்டி, படுக்கை, கூஜா, திரும்பும்போது மாவடு ஜாடியும் அப்பளக் கட்டும். இத்தனையும் ஏற்றிக்கொண்டு ஓட்டுபவருக்குச் சலிப்பூட்டாத வண்டி இதுவல்லவா?

ஆயினும் நம் நாடு இதை வரவேற்கவில்லை. 1992-இல் டாட்டா எஸ்டேட் வந்தது. பின்னர் மாருதியின் பலேனோ ஆல்டூரா, ஸ்கோடாவின் ஆக்டேவியா கோம்பி, 2004-இல் டாட்டாவின் இண்டிகோ மரீனா. ஒன்றும் நிலைக்கவில்லை. நீண்ட கூரையும் பின்கதவும் கண்டால் ஆஸ்பத்திரி வண்டி நினைவு வருகிறது என்றார்கள். டிக்கி தனியே நீட்டிக்கொண்டிருந்தால்தான் பெரிய கார் என்பது நம்மவர் எண்ணம். சர்க்காரின் வரியும் ஒரு காரணம். 2006-இல் நான்கு மீட்டருக்கு உட்பட்ட நீளமும் சிறிய யந்திரமும் உடைய கார்களுக்கு உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைக்கப்பட்டது. நீளமே உயிரான வண்டிக்கு இச்சலுகை எங்கே கிட்டும்? மரீனாவின் சகோதரியான இண்டிகோ, 2008-இல் தன் வாலைக் குறைத்துக்கொண்டு ஸி.எஸ். என்ற பெயரில் வந்து இச்சலுகையைப் பெற்றது! 2015-இல் ஆடி கம்பெனி ஆர்.எஸ். 6 என்னும் வேகனை இங்கே கொணர்ந்தது. விலை ஒரு கோடி ரூபாய்க்கு மேல் என்பதால் அதை நாம் தெருவில் பார்த்து மகிழலாம்.

ஆசை கொண்ட எளியவருக்கு மிஞ்சுவது பழைய வண்டிகளே. மரீனாவோ ஆக்டேவியா கோம்பியோ விலைக்கு வந்தால், யந்திரப் பாகங்களைப் பற்றிப் பெரிதும் கவலை வேண்டா; சாதாரணக் காரின் பாகங்களே பெரும்பாலும் பொருந்தும். பின்கதவு, அதன் கண்ணாடி, பின்விளக்குகள் ஆகியவைதாம் வேறெங்கும் கிட்டாதவை. அவற்றை விரிசலின்றி, ரப்பர் ஓரம் கெடாமல் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். டில்லியில் உள்ளவர்கள் மற்றொன்றையும் விசாரித்துக்கொள்வது நலம். பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளைப் பற்றிய கட்டுப்பாடுகள் அங்கு 2015 முதல் பலமுறை மாறியிருக்கின்றன. பணம் கொடுக்குமுன் அன்றைய நிலையைப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிதல் வேண்டும்.